சூடான டேங்கின் அடியில் மண்ணுக்குப் போகும் வெப்பம்: அறிகுறி பார்த்துக் கணக்கைச் சரிசெய்யும் வழி

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு தோல் ஆலைகளிலும் ராணிப்பேட்டை சிப்காட்டிலும் பாய்லர் இருக்கும் இடத்தில் ஒரு சூடான டேங்க் இருக்கும். சிலதில் சுடுதண்ணீர், சிலதில் பர்னஸ் ஆயில், சிலதில் தார். சுவருக்கு ராக்வூல் (கல் இழைக் காப்பு) சுற்றி, மேலே அலுமினியத் தகடு போட்ட பிறகுதான் அடித்தட்டின் நினைப்பே வரும். அப்போது இரண்டு விதமான பதில் கிடைக்கும். "மண்தானே, ஒன்றும் போகாது" என்பார் ஒருவர். இன்னொருவர் பரப்பளவைப் பெருக்கிப் பதினைந்து கிலோவாட் என்று எழுதிக் கொடுப்பார். இரண்டுமே தப்பு. தப்பு எங்கே நுழைந்தது என்பதை, கண்ணுக்குத் தெரியும் அறிகுறியிலிருந்தே பின்னோக்கிப் பிடிக்கலாம்.

பேச வசதியாக ஒரு டேங்கை எடுத்துக்கொள்வோம். விட்டம் 6 மீட்டர், உயரம் 6 மீட்டர், உள்ளே 80 டிகிரி தண்ணீர். சுவரில் 75 மில்லிமீட்டர் ராக்வூல். அடியில் 30 சென்டிமீட்டர் மணல் மெத்தை, அதற்குக் கீழே மண். நம் பக்கத்தில் ஆழத்து மண்ணின் வெப்பநிலை ஆண்டு முழுவதற்குமான காற்றின் சராசரியை ஒட்டியே இருக்கும். கணக்குக்கு 30 டிகிரி என்று வைக்கலாம். ஆக வித்தியாசம் 50 டிகிரி.

முதலில் கையில் ஓர் அளவுகோல்

தரைமேல் உட்கார்ந்திருக்கும் வட்டத் தட்டுக்கு எளிய சூத்திரம் ஒன்று உண்டு:

வெப்பம் = 2 × விட்டம் × மண்ணின் கடத்துதிறன் × வெப்பநிலை வித்தியாசம்

ஈர மண்ணுக்குக் கடத்துதிறன் 1.5 (ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு வாட்) என்று எடுத்தால் 2 × 6 × 1.5 × 50 = 900 வாட். ஒரு கிலோவாட்டுக்கும் குறைவு.

இந்தச் சூத்திரத்தில் பரப்பளவே வரவில்லை என்பதைக் கவனியுங்கள். விட்டம் இரண்டு மடங்கானால் பரப்பு நான்கு மடங்காகும், வெப்பம் இரண்டு மடங்குதான் ஆகும். சூடு நேர்கீழாக மட்டும் இறங்காமல் பக்கவாட்டிலும் விரிந்து போவதுதான் காரணம்.

ஆனால் டேங்கைச் சுற்றியுள்ள வெளித்தரை வழியாகச் சூடு காற்றுக்குத் தப்பிப்பதை இந்தச் சூத்திரம் பிடிக்காது. அதற்குக் கட்டடத் தரைகளுக்கான ஐஎஸ்ஓ 13370 முறையை ஒத்துப்பார்க்கக் கடன் வாங்கலாம். பரப்பைச் சுற்றளவின் பாதியால் வகுத்தால் ஒரு நீளம் வரும். வட்டத்துக்கு அது விட்டத்தில் பாதி, இங்கே 3 மீட்டர். அதை 'ப' என்போம். மெத்தையின் வெப்பத்தடையோடு (தடிமன் ÷ மெத்தையின் கடத்துதிறன்) வெளித்தரைக்காக 0.04 கூட்டி, மண்ணின் கடத்துதிறனால் பெருக்கினால் வருவது 'த'. மண்ணின் கடத்துதிறன் 'க'.

ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு = 2 × க ÷ (3.14 × ப + த) × இயல் மடக்கை (3.14 × ப ÷ த + 1)

'த' என்பது 'ப'வை விடச் சிறியதாக இருக்கும்வரை இது செல்லும். வரும் எண்ணை அடித்தட்டின் பரப்பாலும் 50 டிகிரியாலும் பெருக்க வேண்டும். மெத்தை காய்ந்த மணலாக இருந்தால் (கடத்துதிறன் 0.3) மொத்தம் சுமார் 750 வாட். அதே மெத்தை நனைந்து கீழ் மண்ணைப் போலவே ஆகிவிட்டால் 1,430 வாட். மெத்தையும் மண்ணும் தண்ணீரில் ஊறி, கடத்துதிறன் 2.2க்குப் போனால் 2,050 வாட்.

டேங்க் மாறவில்லை, சூடு மாறவில்லை. ஈரம் மட்டும் மாறி, 750 என்பது 2,050 ஆகிறது. எந்தச் சூத்திரம் சிறந்தது என்று சண்டை போடும் நேரத்தில் மெத்தை நனைந்திருக்கிறதா என்று போய்ப் பார்ப்பது நல்லது.

அறிகுறி: "கணக்கில் பத்து, பதினைந்து கிலோவாட் வருகிறது"

பெரும்பாலும் இரண்டு இடத்தில் இது நடக்கிறது. ஒன்று, சுவருக்கும் கூரைக்கும் போட்ட காற்றுப்பக்கக் கெழு (ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரிக்குக் காற்று எடுக்கும் வாட்) 10ஐ அடித்தட்டுக்கும் அப்படியே போட்டிருப்பார்கள். 28.3 சதுர மீட்டர் × 10 × 50 என்றால் 14 கிலோவாட். அடித்தட்டின் கீழே காற்று ஓடவில்லை, மண் இருக்கிறது. அந்தக் கெழுவுக்கு அங்கே வேலையே இல்லை.

இன்னொன்று, "30 சென்டிமீட்டருக்குக் கீழே மண் 30 டிகிரியில் இருக்கும்" என்று வைத்துக்கொண்டு 1.5 ÷ 0.3 என்று வகுத்திருப்பார்கள். 7 கிலோவாட் வந்து நிற்கும். டேங்க் ஓட ஆரம்பித்துச் சில மாதம் ஆன பிறகு அந்த ஆழத்து மண்ணும் டேங்கோடு சேர்ந்து சூடாகிவிடும். ஆழத்தை நாமே ஊகித்து வகுக்கும் எந்தக் கணக்கும் நாம் விரும்பும் விடையைத்தான் தரும். இந்த முறை சரியாக வரும் ஓர் இடம் உண்டு. நிலத்தடி நீர் நிஜமாகவே மேலே நின்று, நகர்ந்துகொண்டும் இருக்கும் இடம் அது. அதைக் கீழே மழைப் பகுதியில் சொல்கிறேன்.

அறிகுறி: "கணக்கு ஒரு கிலோவாட் சொல்கிறது, ஆனால் ராத்திரியில் டேங்க் இரண்டு டிகிரி இறங்குகிறது"

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். பழி மண்மேல் விழுவதும் இதில்தான் அதிகம்.

முதலில் டேங்கில் உள்ள வெப்பத்தைக் கணக்கிடுங்கள். 6 மீட்டர் விட்டம், 6 மீட்டர் உயரம் என்றால் ஏறக்குறைய 170 கன மீட்டர், 165 டன் தண்ணீர். அதை ஒரு டிகிரி இறக்க 190 கிலோவாட்-மணிக்கு மேல் வெளியே போக வேண்டும். 12 மணி நேரத்தில் 2 டிகிரி இறங்கியது என்றால் சராசரி 32 கிலோவாட். அடித்தட்டு வழியாக ஒரு கிலோவாட் போனால் அதே ராத்திரியில் 0.06 டிகிரிதான் இறங்கும். சாதாரண டயல் வெப்பமானியில் அது தெரியவே தெரியாது. ஆக 32 கிலோவாட்டைத் தேட வேண்டிய இடம் மண் இல்லை.

எங்கே தேடுவது? நான் போகும் வரிசை இது. முதலில் மூடி. தோல் ஆலைகளில் பல டேங்குகளுக்கு மூடி சரியாக உட்காராது, சிலவற்றுக்கு மூடியே இருக்காது. 80 டிகிரித் தண்ணீர் திறந்து கிடந்தால் ஆவியாவதில் மட்டும் ஒரு சதுர மீட்டருக்குப் பல கிலோவாட் போகும். அடுத்தது கூரைத் தகடு. வெறும் தகடாக விட்டு, உள்ளே ஆவி பட்டு நீர் கோத்துச் சொட்டிக்கொண்டிருந்தால், முழுக் கூரையும் சேர்ந்து 14 கிலோவாட் வரை இழுக்கும். அப்புறம் மேன்ஹோல், நாசில் (குழாய் வாய்), பிளாஞ்ச் (குழாய் இணைப்பு வளையம்). வெறும் இரும்பு ஒரு சதுர மீட்டர் இருந்தால் அரை கிலோவாட். அடித்தட்டு முழுவதும் இழப்பதில் பாதியை ஒரு மேன்ஹோல் மூடியே இழந்துவிடும்.

சோலார் பேனல் இணைத்த டேங்க் என்றால் ராத்திரியில் பேனல் குழாயைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் நான்-ரிட்டர்ன் வால்வு பிடிக்கவில்லை. டேங்கின் சுடுதண்ணீர் தானாகப் பேனலுக்குப் போய், வானத்துக்குச் சூட்டைக் கொடுத்துவிட்டுத் திரும்பி வருகிறது. தொழிற்கூடத்துக்குப் போகும் லைனில் வால்வு கசிவதும் இதே மாதிரிதான்.

இதையெல்லாம் அடைத்த பிறகு, சுவரின் 113 சதுர மீட்டரில் ராக்வூல் வழியாகப் போவது மூன்று கிலோவாட் அளவு. அடித்தட்டு அதற்கும் கீழே வந்து நிற்கும்.

வெப்பமானி எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். மேலே 80 டிகிரி காட்டும் டேங்கின் அடியில் 60 கூட இருக்கலாம். குளிர்ந்த தண்ணீர் கனமானது, அடியிலேயே படுத்துக்கொள்ளும். அடித்தட்டு தண்ணீரைக் கீழிருந்து குளிர வைப்பதால் அங்கே சுழற்சியும் எழாது. பம்ப் போட்டுக் கலக்காத டேங்கில், மண் கணக்குக்கு அடித்தட்டிலிருந்து ஒரு சாண் உயரத்து வெப்பநிலையைத்தான் எடுக்க வேண்டும். பர்னஸ் ஆயில் டேங்கில் அடியில் படிந்த கசடு தானே ஒரு காப்பாக வேலை செய்யும். சுத்தம் செய்த மறுவாரம் அடித்தட்டு இழப்பு கூடினால் பயப்பட வேண்டாம்.

அறிகுறி: "புது டேங்க், முதல் மாதம் விறகு அதிகம் பிடிக்கிறது"

இது பிழையே இல்லை. மேலே சொன்ன சூத்திரங்கள் மண் சூடாகி முடிந்த நிலைக்கானவை. சூடாகும் வரை அது கூடுதலாக வாங்கும். அந்தக் கூடுதல் காலத்தின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் குறையும். அடித்தட்டு ஈர மண்ணோடு ஒட்டி இருந்தால், முதல் நாள் முடியும்போது கூடுதல் சுமார் 5 கிலோவாட், ஒரு மாதத்தில் ஒரு கிலோவாட், ஒரு வருடத்தில் கால் கிலோவாட். நிலையான 0.9ஐ இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். காய்ந்த மணல் மெத்தை இருந்தால் ஆரம்ப நாட்களின் எண் இதைவிடக் குறையும்.

முதல் வாரத்தில் அளந்து, அதை வருடம் முழுவதற்கும் பெருக்கி, "அடியில் காப்பு போட்டே ஆக வேண்டும்" என்று முடிவெடுப்பது வீண் செலவு. ஒரு கிலோவாட் மாதம் முழுதும் போனால் 720 கிலோவாட்-மணி. விறகு பாய்லரில் அது ஏறக்குறைய கால் டன் விறகு. ஓடிக்கொண்டிருக்கும் டேங்கைக் காலி செய்து, தூக்கி, அடியில் காப்பு போடும் செலவு இதில் திரும்பாது. புதிதாகக் கட்டும்போது போடுவது வேறு விஷயம், அப்போது அவசியம் போடுங்கள்.

அறிகுறி: "மழைக்காலத்தில் மட்டும் கூடுகிறது"

வட ஆர்க்காட்டுக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. ஆகஸ்ட் மாதத்திலிருந்தே டேங்க் அடி நனையத் தொடங்கிவிடும். மழை நின்ற காலையில் டேங்கைச் சுற்றி ஒரு நடை நடங்கள். அடித்தட்டு விளிம்பில் லேசாக ஆவி எழுந்தால் விஷயம் தெளிவு. தண்ணீர் அடியில் போய் ஆவியாகித் திரும்பி வருகிறது. மணிக்கு ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக 0.66 கிலோவாட் வேண்டும். சின்னக் கசிவு அடித்தட்டின் மொத்த இழப்பையே இரட்டிப்பாக்கும். மழை மட்டும்தான் காரணம் என்றும் இல்லை. தோல் ஆலையில் தரை கழுவும் தண்ணீர், பக்கத்துக் குழியின் கசிவு, ஸ்டீம் டிராப்பிலிருந்து விழும் கன்டென்சேட் (நீராவி குளிர்ந்த தண்ணீர்), எல்லாமே இதைச் செய்யும்.

ஆனால் முடிவுக்கு வருமுன் சுவரையும் பாருங்கள். தகட்டு இணைப்பில் மழைநீர் புகுந்தால் ராக்வூல் ஊறிவிடும். சுவரின் இழப்பு பல மடங்காகும், உள்ளே இரும்பும் துருப்பிடிக்கும். தகட்டின் மேல் கை வைத்துச் சுற்றி வந்தால் ஊறிய பகுதி மட்டும் சூடாகத் தெரியும். அது இல்லாமல் விளிம்பில் ஆவி மட்டும் இருந்தால்தான் காரணம் அடியில் இருக்கிறது.

சரி, அடியில்தான் என்றால் செய்ய வேண்டியது எளிது. டேங்கைச் சுற்றித் தரையை வெளிப்பக்கம் சரிவாக்குங்கள். அடித்தட்டு விளிம்புக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே உள்ள இடுக்கைச் சூடு தாங்கும் வளையும் பூச்சால் அடையுங்கள், கூடவே சொட்டுத் தகடும் வையுங்கள். வெறும் சிமெண்ட் பூச்சு டேங்க் விரிந்து சுருங்கும்போது வெடித்துவிடும். மெத்தைக்குள் ஏற்கெனவே போன தண்ணீருக்கு வெளியேற வழி வேண்டும். மெத்தையைச் சுற்றி நிற்கும் வளையச் சுவரில் வடிகால் துளை இருக்கிறதா, மண் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

பாலாற்றங்கரை ஆலைகளுக்குத் தனியாக ஒன்று. ஆறு மேலே வறண்டு கிடந்தாலும் மணலுக்குள் தண்ணீர் உண்டு. 2021 நவம்பர் வெள்ளம் மாதிரியான காலத்தில் அது எவ்வளவு மேலே வரும் என்று அந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். டேங்கின் ஆரத்தில் பாதியை விடக் குறைந்த ஆழத்தில் நீர்மட்டம் வந்து, அது நகர்ந்துகொண்டும் இருந்தால், மேலே சொன்ன இரண்டு சூத்திரங்களும் குறைவாகவே காட்டும். அங்கே நீர்மட்டத்தை 30 டிகிரி எல்லையாக வைத்து, பரப்பு × கடத்துதிறன் × வெப்பநிலை வித்தியாசம் ÷ ஆழம் என்று போடுவது பொருந்தும். பக்கத்துக் கிணற்றில் கயிறு விட்டு ஆழம் பார்த்தால் போதும்.

அறிகுறி: "நடுவில் ஒன்றுமில்லை, விளிம்பில் மட்டும் தரை சுடுகிறது"

அப்படித்தான் இருக்க வேண்டும். ஒரே சூட்டில் இருக்கும் வட்டத் தட்டில், நடுவில் இறங்கும் வெப்பம் சராசரியில் பாதிதான். விளிம்பை நெருங்க நெருங்க அது ஏறும். மொத்த வெப்பத்தில் சரிபாதி வெளிவட்டத்தின் கடைசி 40 சென்டிமீட்டர் வழியாகப் போகிறது. பரப்பில் அந்த வளையம் கால் பங்குதான்.

இது நமக்கு நல்ல செய்தி. டேங்கைத் தூக்காமலே விளிம்பில் வேலை செய்யலாம். ராக்வூல் பெரும்பாலும் அடியிலிருந்து ஒரு சாண் மேலேயே நின்றுவிடும். துரு பார்க்க வசதி என்பார்கள், நியாயம்தான். அந்த இடத்துக்குக் கழற்றி மாட்டும் உறை செய்து கொடுங்கள். வளையச் சுவரின் வெளிப்பக்கம் அரை மீட்டர் தோண்டி ஃபோம்கிளாஸ் (நுரைக் கண்ணாடி) பலகையைச் செங்குத்தாகப் புதைக்கலாம். தெர்மோகோல் வேண்டாம், 80 டிகிரி டேங்கின் விளிம்பில் அது இளகிச் சுருங்கும். ராக்வூலை மண்ணில் புதைக்கவே கூடாது, ஒரே மழையில் ஊறிப்போகும்.

அறிகுறி: "அடியில் காப்பு போட்டும் கான்கிரீட் சுடுகிறது"

தார் டேங்க் வைத்திருப்பவர்கள் இதை நிதானமாகப் படிக்கவும். காப்பு போட்டால் கான்கிரீட் குளிர்ச்சியாக இருக்கும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. சுவரில் அது உண்மை, ஏனென்றால் வெளிப்பக்கம் காற்று சூட்டை உடனே எடுத்துக்கொண்டு போகிறது. அடியில் மண் அப்படி எடுத்துப் போகாது. மண்ணே ஒரு கனமான காப்பு.

கணக்குப் பாருங்கள். 6 மீட்டர் டேங்குக்கு மண்ணின் தடை ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 1.57. 100 மில்லிமீட்டர் ஃபோம்கிளாஸின் தடை சுமார் 2.2. தார் 160 டிகிரி என்றால் மொத்த வித்தியாசம் 130. அதில் 42 சதவீதம் மண்ணில் விழுகிறது. காப்புக்குக் கீழே கான்கிரீட் சராசரியாக 84 டிகிரியில் வந்து நிற்கும், நடுவில் அதற்கும் மேல். டேங்கின் விட்டம் 20 மீட்டர் என்றால் மண்ணின் தடை 5.2 ஆகிவிடும், கான்கிரீட் 120 டிகிரியைத் தொடும். பெரிய டேங்குக்குக் காப்பைத் தடிமனாக்கினாலும் அடித்தளம் தாமதமாகத்தான் சூடாகுமே தவிர, குளிராகவே இருந்துவிடாது.

கான்கிரீட் நீண்ட காலம் 66 டிகிரிக்கு மேலும், சில இடங்களில் மட்டும் என்றால் 93 டிகிரிக்கு மேலும் போகக் கூடாது என்பது அமெரிக்க அணு உலைக் கட்டுமானங்களுக்கான ஏசிஐ 349 வைத்திருக்கும் வரம்பு. நம் டேங்குக்குச் சட்டம் இல்லை, ஆனால் நல்ல எல்லைக்கோடு. டேங்குகளுக்கான ஏபிஐ 650 தரத்தில் 93 டிகிரிக்கு மேல் போனால் தனிப் பின்னிணைப்பில் விதிகள் உண்டு. காப்பைத் தடிமனாக்கியும் வரம்பு தாண்டினால் வழி இது: காப்புக்குக் கீழே கான்கிரீட்டில் காற்று ஓடும் குழாய்களை வைத்து சூட்டை எடுத்துவிடுவது. 565 டிகிரி உருகிய உப்பைச் சேமிக்கும் சூரிய மின் நிலையங்களில் அடித்தளத்தை இப்படித்தான் குளிர்விக்கிறார்கள். அப்படிச் செய்தால் இழப்புக் கணக்கில் மண்ணுக்கு இடமில்லை. காப்பின் தடையை மட்டும் வைத்துப் போட வேண்டும், எண் கூடும்.

அறிகுறி: "மே மாதம் அளந்ததும் நவம்பரில் அளந்ததும் ஒத்துவரவில்லை"

இரண்டு காரணம். பகல்-இரவுச் சூட்டு அலை ஈர மண்ணில் 13 சென்டிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு அடங்கும். ஆண்டு அலை அப்படி அடங்க இரண்டரை மீட்டர் ஆழம் வேண்டும். ஆகவே 30 சென்டிமீட்டரில் வைத்த தெர்மோகப்பிள் (வெப்பநிலை அளக்கும் கம்பி) வெயிலையும் சேர்த்துப் படிக்கும், ஒரு மீட்டரில் வைத்தது அக்னி நட்சத்திரத்தையும் ஐப்பசியையும் படிக்கும். டேங்கிலிருந்து தள்ளி, சூடு எட்டாத இடத்தில் அதே ஆழங்களில் இன்னொரு வரிசை வைத்து, இரண்டின் வித்தியாசத்தை எடுங்கள்.

இரண்டாவது, மண்ணின் கடத்துதிறனே மாறியிருக்கும். சூடான டேங்குக்குக் கீழே ஈரம் மெல்ல வெளியே தள்ளப்படும். காய்ந்த மண்ணின் கடத்துதிறன் 0.3 அளவுக்கு இறங்கும். நிலத்தடி மின்கேபிள் போடுபவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். மண் காய்ந்தால் கேபிள் மேலும் சூடாகும் என்பதால் அவர்கள் மண்ணை அளந்து பார்ப்பது வழக்கம். அவர்களுக்கு அது ஆபத்து, நமக்கு லாபம்.

அளக்கும் முறை கடினமில்லை. நீண்ட மெல்லிய ஊசிக்குள் ஹீட்டர் கம்பியும் தெர்மோகப்பிளும் வைத்து மண்ணில் இறக்கி, மாறாத மின்திறன் கொடுங்கள். ஒரு மீட்டர் நீளத்துக்கு 10 வாட் கொடுத்தால், முதல் நிமிடத்துக்கும் பத்தாவது நிமிடத்துக்கும் நடுவே வெப்பநிலை எவ்வளவு ஏறியது என்று குறித்துக்கொள்ளுங்கள். கடத்துதிறன் = 1.83 ÷ அந்த ஏற்றம். ஏற்றம் 1.22 டிகிரி என்றால் கடத்துதிறன் 1.5. ஏற்றம் 6 டிகிரி என்றால் மண் காய்ந்து 0.3க்கு வந்துவிட்டது. வளாகத்தின் மூலையில் கிடைக்கும் மண்ணை எடுக்காமல், டேங்க் விளிம்பை ஒட்டிச் சாய்வாகத் துளைத்து, மெத்தையிலும் அதன் கீழும் தனித்தனியாக அளந்து பாருங்கள்.

அறிகுறி: "டேங்க் ஒரு பக்கம் சாய்கிறது"

களிமண் மேல் உட்கார்ந்த டேங்கில் இதைக் கவனிக்க வேண்டும். ஏரிப் பாசன நிலமாக இருந்து ஆலையான இடங்களில் அடியில் கரிய களிமண் அகப்படும். சூட்டில் அது காய்ந்து சுருங்கும், அதுவும் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரிச் சுருங்காது. தண்ணீர் புகும் பக்கம் உப்பி நிற்கும், காய்ந்த பக்கம் இறங்கும். சுவர் அடியில் எட்டு இடத்தில் குறி போட்டு, தண்ணீர் மட்டக் குழாயால் மழைக்கு முன்னும் பின்னும் மட்டம் பாருங்கள். குறிகளுக்குள் வித்தியாசம் ஒவ்வொரு முறையும் கூடிக்கொண்டே போனால் வெப்பக் கணக்கை மூடி வைத்துவிட்டு, நிரப்பும் அளவைக் குறைத்து, அடித்தளப் பொறியாளரை வரவழையுங்கள்.